கொடியில் காய்ந்த கோடி

1

நகரசபையிலிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு ஜன்னல் உண்டு. தீப்பிடித்தால் ஆள் அதன் வழியாக வெளியே ஏறிப் போக முடிய வேண்டுமாம். அந்த ஜன்னலை மறைத்துப் பதினோரு பெட்டிகள் அடுக்கியிருப்பதாகவும், பதினான்கு நாட்களுக்குள் அவற்றை அகற்றி, அகற்றியதற்குச் சாட்சியாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இறங்கிப் போய் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். வெந்நீர்க் கொதிகலன் மாற்றியதைச் சரிபார்க்க வந்த பரிசோதகரின் வேலை இது. கொதிகலனை அரை நிமிடம் பார்த்தார், பெட்டிகளைப் பத்து நிமிடம் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். துணி என்றேன். கடை நடத்துகிறீர்களா, அதற்கு அனுமதி வாங்கியாயிற்றா என்றார். இல்லை, குயில்ட் தைக்கிறேன் என்றதும் முகம் இளகி, தன் மாமியாரும் அப்படித்தான் என்று சொல்லி என் தோளைத் தட்டாத குறையாகப் போனார். அந்த அனுதாபம் கடிதத்தில் ஏறவில்லை.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குக் குயில்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி ஒட்டுப்போட்டு மேல்பக்கம் செய்து, நடுவில் பஞ்சுப் படலம் வைத்து, அடியில் இன்னொரு துணி விரித்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. முழுத் துணியை வாங்கி வந்து துண்டாக்கி மறுபடி ஒட்டுவார்கள். கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான பாறசாலையில் இதைச் சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கனடாவின் நடுவே, மரமில்லாத இந்தச் சமவெளியில், வருடத்தில் ஐந்து மாதம் பனி கிடக்கிற ஊரில், வேலை முடிந்து வந்து கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. அதனால் தைக்கிறேன். இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. அங்கே இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி இறந்தபோது, அவள் பிள்ளைகள் அறையைக் காலி செய்ய வந்து, மூன்று பெட்டி துணியைக் குப்பை வண்டிக்கு எடுத்து வைத்தார்கள். ஒரு கீறல் இல்லாத பருத்தித் துணி. எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த மூன்றுதான் பெருகிப் பதினொன்றாயிற்று.

2

துணியை வைப்பதில் ஒரு முறை உண்டு. ஜன்னல் வெயில் பட்டால் மடிப்பு மடிப்பாக நிறம் போகும். வெறுமனே அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்கும்போது மேலே இருப்பது சரியும். அதனால் ஒரே அளவில் அட்டை வெட்டி, துணியை அதில் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி வைக்க வேண்டும். துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பதா அளவு பார்த்துப் பிரிப்பதா என்று நான்கு வருடம் எனக்குள்ளேயே வழக்கு நடந்தது. அளவு வென்றது. உள்ளங்கைக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில்.

இதையெல்லாம்விட முக்கியமான பிரிவு ஒன்று இருக்கிறது. நனைத்த துணி, நனைக்காத துணி. கடையிலிருந்து வந்த புதுத் துணியில் கஞ்சிப்பசை இருக்கும், சாயம் இளகும், முதல் தண்ணீரில் சுருங்கும். நனைத்ததையும் நனைக்காததையும் கலந்து தைத்துவிட்டால், போர்வையை முதல்முறை துவைக்கிற அன்று ஒரு சதுரம் சுருங்கும், பக்கத்துச் சதுரம் சுருங்காது, எல்லாம் கோணி நிற்கும். ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. சிவப்பு இளகி வெள்ளையில் ஏறி, மூன்று மாத உழைப்பு நாய்க்கு விரிக்கத்தான் ஆயிற்று. எங்களிடம் நாயும் இல்லை.

அதற்குப் பிறகு பெட்டிகளின் மேல் தடித்த பேனாவால் எழுதி ஒட்டினேன். ஒன்பது பெட்டிகளில் "நனச்சது". இரண்டு பெட்டிகளில் "கோடி". எங்கள் பக்கம் தண்ணீர் படாத புதுத்துணிக்குக் கோடி என்றுதான் பெயர். ஓணத்துக்கு எடுப்பதும் கோடி. இறந்தவர் மேல் போர்த்துவதும் கோடி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சொல். தண்ணீர் பட்டுவிட்டால் இரண்டுக்கும் ஆகாது.

அந்த இரண்டு கோடிப் பெட்டிகளில் ஒன்றின் அடியில், பழுப்புத் தாளில் பொதிந்த ஒரு பொட்டலம் இருந்தது. அது குயில்டுக்கு உள்ளது அல்ல. என் அக்காவுக்கு உள்ளது.

3

அக்கா பெயர் சாந்தா. எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவள். பாறசாலை ரயில்நிலையத்துக்குப் பின்னால் மகன் பிரசாத்தோடு இருக்கிறாள். அத்தான் போய்ப் பத்து வருடமாயிற்று. முப்பது வருடம் நெய்யாற்றின்கரைப் பக்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எங்கள் அப்பாவும் அரசாங்க குமஸ்தாதான். ஆனால் அப்பாவுக்கு அது வேலை, அக்காவுக்கு அது குணம். காய்கறிப் பையைக் கொடுத்தால்கூட எல்லைகளைச் சரிபார்த்துத்தான் வாங்குவாள்.

இப்போது அவளுக்கு நுரையீரல் சரியில்லை. நாளில் பாதி நேரம் மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறாள். மூன்றரை வருடம் முன்பு நான் போனபோது இந்த அளவுக்கு இல்லை. மாடிப்படி ஏறினால் இரைக்கும், அவ்வளவுதான். அந்த முறை நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, பாலராமபுரம் போக வேண்டும், வண்டி சொல்லு என்றாள். கைத்தறிக்குப் பேர்போன ஊர், துணி வாங்க என்று நினைத்தேன். துணி வாங்கத்தான்.

கைத்தறிக் கடையில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் மலையாளத்தில், தனக்குக் கோடி வேண்டும், தான் செத்தால் போடுவதற்கு என்று சொன்னாள். விலை கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அந்த மனிதர் பதறிப்போய், சேச்சி என்ன இப்படிப் பேசுகிறீர்கள் என்று சொல்லி, கசவு ஜரிகை போட்ட புடவைகளை எடுத்துப் பரப்பினார். கசவு வேண்டாம், ஒரு விரல் கறுப்புக் கரை போதும், நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழாவதில் திருப்தி. நான் கடை வாசலில் நின்று பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. உடன்பிறந்த ஆணும் இல்லை. பிறந்த வீடு என்று அக்காவுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் புடவையைப் பழுப்புத் தாளில் பொதிந்து, மேலே பால்பேனாவால் மலையாளத்தில் எழுதினாள். கோடி. நனைக்கக் கூடாது. கீழே தேதி, கையெழுத்து. அலுவலக எழுத்து அவளுக்கு எப்போதும் மலையாளத்தில்தான் வரும். பிறகு அதை என் பெட்டியில் தானே வைத்தாள்.

"இது உன் பொறுப்பாக்கும், கேட்டியா. ஆள விட்டுக் கடையில வாங்கிப் போடாண்டாம். நீ கொண்டு வரணும்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "உன்ன விட்டா அங்கேருந்து பூப்போட்ட தலையணைத் துணியக் கொண்டு வந்து என்னப் போத்தீருவ, மக்கா," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். விமானத்தில் ஏறிய பிறகு அழுதேன்.

4

அதற்குப் பிறகு என் வருடங்களை அந்தப் பொட்டலம்தான் நடத்தியது.

எங்கள் இல்லத்தில் சாவுக்கு விடுப்பு மூன்று நாள். பாறசாலை போய்ச் சேரவே ஒன்றரை நாள். அதனால் வருட விடுப்பில் பன்னிரண்டு நாளைத் தொடாமல் வைத்திருப்பேன். கணவர் ஏரிக்கரைக்குப் போகலாம் என்பார், மகள் அனு மலைக்குப் போகலாம் என்பாள், என்னிடம் விடுப்பு இல்லை என்று சொல்லிவிடுவேன். இருக்கும். எதற்கு வைத்திருக்கிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வருடக் கடைசியில் தீர்க்காவிட்டால் அந்த நாட்கள் போய்விடும். ஆகவே கடந்த மூன்று டிசம்பரிலும் பன்னிரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து, நிலவறையில் தைத்தேன். அக்கா சாகாத வருடத்துக்கு ஒரு போர்வை என்று மூன்று போர்வைகள் இருக்கின்றன. இதைச் சிரித்துக்கொண்டே எழுத நினைத்தேன், முடியவில்லை.

நடுவே இரண்டு முறை பிரசாத்திடமிருந்து அழைப்பு வந்தது. கொஞ்சம் மோசம், சின்னம்மா, தயாராக இருங்கள் என்றான். இரண்டு முறையும் சூட்கேஸை இறக்கி, முதலில் பொட்டலத்தை வைத்து, அதன் மேல் என் துணிகளை வைத்தேன். இரண்டு முறையும் மூன்றாம் நாள், இப்போது கொள்ளாம், தேவலை, ஒன்றுமில்லை என்றான். பெட்டியைப் பிரித்துப் பொட்டலத்தைத் திரும்ப அடியில் வைக்கும்போது, நிம்மதியோடு கூடவே மனதின் ஒரு மூலையில் வேறு ஒன்றும் இருந்தது. ஏமாற்றம் என்றுதான் அதற்குப் பெயர். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு வருடம் காகிதம் சரியில்லாமல் போயிற்று. வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க அனுப்பினால், நான் பிறந்த ஊரில் சிக்கல் என்று திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் பாறசாலைக்குப் பாஸ்போர்ட்டில் இரண்டு எஸ், பள்ளிச் சான்றிதழில் ஒரு எஸ். மார்த்தாண்டத்தில் பதிந்த கல்யாணச் சான்றிதழிலோ தமிழ்நாட்டு முறைப்படி கடைசியில் லை. இந்த மூன்று ஊர்களில் எதில் பிறந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று கிராம அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். அக்காதான் ஆட்டோவில் போய், படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, அதை வாங்கி அனுப்பினாள். அதிலும் எழுத்துப்பிழை இருந்ததாம். திருத்தி வாங்கிய பிறகே இறங்கினாளாம்.

அட்டை வந்தது. வந்த பிறகும் நான் போகவில்லை. போய்விட்டு வந்த மறுமாதம் ஏதாவது ஆகிவிட்டால், அப்போது விடுப்பு இருக்காதே, கோடியை யார் கொண்டு போவது என்று கணக்கிட்டேன். எவ்வளவு பொறுப்பான ஆள் பாருங்கள் நான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் கூப்பிடுவேன். அங்கே சாயங்காலம் விளக்கேற்றி முடித்த நேரம். மூச்சு, மருந்து, பிரசாத்தின் மருந்துக்கடை எல்லாம் பேசி முடித்து, வைக்கும் முன் அக்கா ஒன்று கேட்பாள்.

"சாதனம் இருக்கா?"

"பத்திரமா இருக்கு அக்கா."

சாதனம் என்றால் எங்கள் பக்கம் சாமான், அவள் கேட்பது அந்தப் பொட்டலத்தை. மூன்றரை வருடமாக ஒரு வாரம் விடாமல் இதுதான்.

5

நகரசபைக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அனு வந்தாள். அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஊரின் மறுபக்கத்தில் தனியாக இருக்கிறாள். வாரத்தில் ஒருமுறை வருவாள், சில வாரம் வரமாட்டாள். எனக்கு அந்த வாரம் ஆறு நாள் தொடர்ந்து வேலை. அம்மா போங்க, அறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாமான்களை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று வீடியோக்கள் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. சரி என்றேன். அசதி, வேறொன்றுமில்லை.

அவளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுவரை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போனாள். ஒருநாள், எங்கள் டீச்சருக்கு அம்மா பேசுவது புரியவில்லையாம், அது மலையாளமாம் என்று சொன்னாள். இங்கே மலையாளிகள் சங்கத்தில் என்னைத் தமிழ்க்காரி என்பார்கள், தமிழ்ச் சங்கத்தில் மலையாளி என்பார்கள். இரண்டு இடத்திலும் நாற்காலி தருவார்கள், இரண்டு இடத்திலும் எந்த ஊர் என்று மறுபடி கேட்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. வகுப்பை விட்டாள். எழுத்துகள் தெரியும், கூட்டிக் கூட்டி வாசிப்பாள், நான் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தேன். நிலவறை பளிச்சென்று இருந்தது. ஜன்னல் திறந்து வெளிச்சம் வந்தது. பெட்டிகள் எதிர்ச் சுவரில். அட்டையில் சுற்றிய துணிகள் நிறவரிசையில், வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடிந்தன. கத்தரி, உருளைக் கத்தி, அளவுகோல் எல்லாவற்றுக்கும் சுவரில் கொக்கி அடித்திருந்தாள். மனம் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன்.

திரும்பிய பக்கத்தில் சலவை எந்திரம். அதன் மேலே, குளிர்காலத்தில் துணி உலர்த்த நான் கட்டியிருக்கும் கயிறு. கயிறு நிறைய என் புதுத்துணிகள். அவற்றின் நடுவே, இரண்டாக மடித்துப் போட்டபடி, ஒரு விரல் கறுப்புக் கரையோடு அக்காவின் கோடி.

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கஞ்சி போய், பழைய துணிபோலக் குழைந்து கிடந்தது.

இதை எதற்கு நனைத்தாய் என்று கத்தினேன். அவள் மிரண்டு போனாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கொண்டு வந்து காட்டி, அவளுக்கு வந்த தமிழில் சொன்னாள்.

"கொடின்னுதானே எழுதியிருக்கு. அம்மா தானே எழுதினது."

வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று எனக்கே தெரியவில்லை. மேலே போட வேண்டிய சுழியை அவசரத்தில் போடாமல் விட்டிருக்கிறேன். கொடி. வீட்டில் உலர்த்தும் கயிற்றுக்கு நாங்கள் சொல்வது கொடிதான். ஊரில் பக்கத்து வீட்டார் மலையாளத்தில் அய என்பார்கள், நாங்கள் கொடி என்போம். "எடுத்துக் கொடியில போடு மக்கா" என்று அவளைப் பிறந்த நாள்முதல் ஏவியிருக்கிறேன். அவள் பார்த்தது இதுதான். ஒன்பது பெட்டியில் நனைத்தது என்று இருக்கிறது. இரண்டு பெட்டியில் கொடி என்று இருக்கிறது. அப்படியானால் அந்த இரண்டும் இனி நனைத்துக் கொடியில் போட வேண்டியவை. அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை, பாவம், நாம் செய்வோம். இதில் எங்கே தப்பு?

பழுப்புத் தாளை அவள் எறியவில்லை. பெரியம்மாவின் எழுத்து என்று தெரிந்து, மடித்துத் தன் பைக்குள் வைத்திருந்தாள். மலையாளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன். உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

6

அனுவுக்குப் பரிகாரம் செய்யாமல் இருப்புக்கொள்ளவில்லை. அதே போல வேறொன்று வரவழைக்கலாம் என்று போனில் தேடிக் காட்டினாள். அக்கா ஏழு புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தது அது, வேறொன்று ஆகாது என்றேன். பிறகு, குயில்ட் தைப்பவர்கள் துணி விறைக்க அடிக்கிற கஞ்சித் தெளிப்பான் இருக்கிறதே, அதை அடித்தால் என்ன என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து, அடித்து, இஸ்திரி போட்டு, பழைய மடிப்பிலேயே மடித்தோம். விறைப்பாகத்தான் நின்றது. முகர்ந்து பார்த்தேன். குளியலறையில் வைக்கிற வாசனைப் புட்டியின் மணம். முப்பது வருடம் பத்திரங்களில் கள்ளக் கையெழுத்தைப் பிடித்தவளுக்கு இதைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? அப்புறம்தான் உறைத்தது. அவள் பிடிக்கப் போவதில்லை. அது அவள் மேல் விழும்போது அவளுக்கு எதுவும் தெரியாது.

அந்த ஞாயிறு அக்கா வழக்கம்போலக் கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் என்று சொல்ல மாட்டேன், சின்ன வயதில் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எல்லாம் அவளுக்குத் தெரிந்தே சொன்ன பொய்கள்.

அந்த வாரம் முழுக்க வேலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அதே நினைப்பு. ஒரு பாட்டிலின் பெயரை மூன்று முறை வாசித்தேன்.

7

அடுத்த ஞாயிறு அவள் கேட்கும்வரை பொறுக்கவில்லை. எடுத்தவுடன் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு. அனு கோடிய நனச்சிட்டா."

அழுவாளோ என்று பயந்தேன். அவள் விசாரணையை ஆரம்பித்தாள். எத்தனை தண்ணீர்? ஒன்று. சூடா, பச்சைத் தண்ணீரா? பச்சை. கரை இளகிற்றா? இல்லை. எந்திரத்தில் உணக்கினாளா? இல்லை, கொடியில் போட்டாள். ஏன் கொடியில் போட்டாள் என்று கேட்டாள். பெட்டிகளையும், நான் போடாமல் விட்ட சுழியையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரிப்பு இருமலாகி, பிரசாத் ஓடி வந்து தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அப்பம் பிள்ள தமிழ் வாசிச்சிருக்கு," என்றாள்.

"தப்பால்லா வாசிச்சா அக்கா."

"தப்பா வாசிச்சாலும் வாசிச்சால்லியா."

தெளிப்பான் அடித்ததையும் சொன்னேன். போன வாரம் பொய் சொன்னதையும் சொன்னேன். அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நனஞ்சது இனி கோடியில்ல மக்கா. என்னையக் கெடத்தி மேல போடப் பற்றாது. உடுக்கத்தான் கொள்ளாம். இங்க எனக்கு வெள்ள ரெண்டு கிழிஞ்சு கெடக்கு. கொண்டு வா, உடுக்கட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், லீவு பன்னிரண்டு நாள்தான் என்று ஏதோ ஆரம்பித்தேன். இப்போது வந்து அது தீர்ந்துவிட்டால், பின்னே என்று சொல்லி, நிறுத்திவிட்டேன். அந்தப் பின்னேக்கு மேலே என்ன சொல்ல முடியும்? மூன்றரை வருடமாக நான் காத்துக்கொண்டிருந்தது எதற்கு என்று அந்த ஒரு சொல்லில் எனக்கே கேட்டுவிட்டது. அக்காவைப் பார்க்கப் போவதற்கு, அக்கா சாக வேண்டும் என்று இருந்திருக்கிறேன். அவளும் அதைத் தெரிந்துகொண்டே வாரா வாரம் சாதனம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு நீ வராண்டாம்," என்றாள் அக்கா. "அதுக்கு இங்க ஆள் உண்டு. அண்ணைக்கு நீ வந்தா நாட்டுக்காரு உன்னப் பாப்பாவ. எனக்கு உன்னப் பாக்கணும்."

வாறேன் அக்கா என்று சொன்னேன். வைக்கும் முன், வரும்போது பிள்ளையையும் கொண்டு வா என்றாள்.

மறுநாள் இல்லத்தின் நிர்வாகியிடம் போய், பன்னிரண்டு நாளும் வேண்டும், வரும் வெள்ளிக்கிழமை முதல் என்றேன். என் விடுப்பு எதற்காகக் கிடக்கிறது என்று இத்தனை வருடத்தில் அவளுக்கும் தெரியும். எழுந்து வந்து, கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது நடந்தது என்று மெல்லக் கேட்டாள்.

"நடக்கவில்லை," என்றேன். "என் அக்கா உயிரோடு இருக்கிறாள். அதனால்தான் போகிறேன்."